ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்

சபைக்காரர்களிடம் எதையாவது கேட்டுப் பாருங்கள். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்பார்கள். முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது. பாரத்தைப் பரலோகத்தின் மேல் போட்டுவிட்டு நழுவிவிடுவோம். நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். அப்பா நாசரேத்திலிருந்து வந்து ஆவடி தொழிற்சாலையில் சேர்ந்தவர்; நான் குவாட்டர்ஸில் வளர்ந்தவள். இந்தப் பாஷை எனக்கு அத்துப்படி. என் மாமனார் உலகநாதனுக்கும் இது அத்துப்படி ஆகியிருந்தது என்பதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

மாமா கள்ளிக்குப்பத்தின் பழைய குடி. நிலம் எல்லாம் மனைகளாகப் போன பிறகு பாடியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெற்றியில் விபூதி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கும் அதே விபூதியோடு வந்து, சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். என் பெயர் எப்சிபா. அது அவர் வாயில் கடைசி வரை நுழையவில்லை. "இன்னா ஏபிசி, நல்லா கீறியா?" என்பார். ஒருவர் கூப்பிடும்போது நான் கோபப்படாமல் சிரித்த ஒரே பட்டப்பெயர் அதுதான்.

என் வீட்டுக்காரர் கோகுல்நாத் அவருக்கு ஒரே பிள்ளை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒரு காலத்தில் சம்பளம் முழுக்கக் குடித்துத் தீர்த்தவர். கூட வேலை பார்த்த அசோக் என்பவர் மூலமாக ஆண்டவரை அறிந்துகொண்டார், குடியை விட்டார். அந்த மாற்றத்தில் பொய் இல்லை. "எந்த சாமியோ, எம்புள்ளைய எனுக்குத் திருப்பிக் குடுத்துச்சே" என்று மாமாவே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் திருப்பிக் கொடுத்த பிள்ளையைப் பாஸ்டர் ஏனோக் பங்கு கேட்டுவிட்டார். திருமுல்லைவாயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சபை. அங்கே டிவி கூடாது, நகை கூடாது, சாமி அறை இருக்கும் வீட்டில் குடியிருக்கக் கூடாது. அதனால் கள்ளிக்குப்பம் வீட்டை விட்டுத் திருமுல்லைவாயிலில் வாடகைக்கு வந்தோம். நான் கம்மலைக் கழற்றினேன். பரிசுத்தத்துக்காக இல்லை, வீட்டில் சண்டை வேண்டாம் என்றுதான். புதிதாக வந்தவர்களின் வைராக்கியத்துக்கு முன்னால் என்னைப் போன்ற பிறவிக் கிறிஸ்தவர்கள் எல்லாம் அரைக் கிறிஸ்தவர்கள்தான்.

தனியாக வந்த பிறகு மாமா வருஷா வருஷம் ஒரு காரியம் செய்தார். பொங்கலன்று பானையை இறக்கினதும், சூரியனுக்குப் படைப்பதற்கு முன்னால், ஒரு டிபன் பாக்ஸில் பொங்கலை எடுத்து மூடிவிடுவார். சாமிக்கு முன்னால் எடுக்கக் கூடாது என்று அத்தை பூங்காவனம் கத்துவார்களாம். மாமா காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த டப்பாவோடு மொபெட்டில் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்.

"படைக்கறதுக்கு முன்னாடி எடுத்ததும்மா. உங்க சாமிக்கு ஒண்ணியும் ஆவாது. தகிரியமா துன்னுங்கோ."

பானையிலேயே மஞ்சள் கட்டிப் பொட்டு வைத்திருப்பார்கள், ஆகவே அதுவும் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடறேன் நைனா" என்று இவர் டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். தொடமாட்டார். நான் சமையலறையில் நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுவிடுவேன். படையலுக்கு முன்னால் கைகூப்பி நில் என்றால் நானும் நிற்கமாட்டேன். அது எனக்குத் தெளிவு. மாமா அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. தன் வழக்கத்தைத் தானே வளைத்து, எங்கள் வழக்கத்தை வளைக்காமல், நடுவில் ஒரு டப்பா பொங்கலுக்கு இடம் கண்டுபிடித்த மனிதர் அவர். அதற்கு மேல் ஒரு தகப்பனால் என்ன செய்ய முடியும்?

மாமாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. வீட்டுக்கே கூட்டிப்போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இளநீர் வாங்கிக்கொண்டு போனோம். கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது, நெற்றியில் விபூதி இருந்தது.

"கோகுலு, ஒண்ணு கேக்கறேன். நான் போய்ட்டா கொள்ளி வெப்பியாடா? உங்காளுங்க உட மாட்டாங்கன்னு உங்க சித்தப்பன் வீராசாமி சொல்லிகினு கீறான்."

அத்தை அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்தினார்கள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. மாட்டேன் என்று சொல்ல மனசு இல்லை. வைக்கிறேன் என்று சொல்லித் தேவனுக்கு விரோதமாக ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம்.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் நைனா."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். கோபம் இல்லை. லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. "சரிடா. பண்ணு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏபிசி, எனுக்கே ஊத்திகினு கீறியே, நீயும் ஒண்ணு குடி" என்றார்.

வண்டியில் வரும் வழியெல்லாம் இவர் முதுகு குலுங்கிக்கொண்டே வந்தது. இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருந்ததால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

மறுநாள் சாயங்காலமே பாஸ்டர் ஏனோக்கிடம் போனோம். கேட்டு முடிப்பதற்குள்ளேயே தலையை ஆட்டிவிட்டார்.

"சாவுச் சடங்கு முழுக்க அந்நிய ஆராதனை பிரதர். அந்த வாசலில் காலே வைக்காதீங்க. தெருமுனையில நின்னு ஜெபியுங்க."

"நெருப்பு வைக்கறதை விடுங்க பாஸ்டர். அப்பாவைத் தூக்கக்கூடவா கூடாது?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு ஒட்டும் சிஸ்டர்." தரையைப் பார்த்துச் சொன்னார்: "எங்கம்மா போனப்போ நானும் தெருமுனையில நின்னவன்தான். பாடை என்னைத் தாண்டித்தான் போச்சு. நான் திரும்பிப் பார்க்கல." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக எனக்கு எரிச்சலும் வந்தது. தான் பட்ட துன்பத்தையே மற்றவர்களுக்குச் சட்டமாக எழுதிவைத்துவிட்டாரே இந்த மனிதர்!

அசோக் எங்களைப் பூந்தமல்லிப் பக்கம் வேறு ஒரு சபை ஊழியரிடம் அனுப்பினார். பெரிய ஏசி ஹால், கலர் விளக்கு. பிரதர் டெரன்ஸ் எங்களைக் கட்டிப்பிடித்து வரவேற்று, ஜூஸ் கொடுத்தார்.

"இதுக்கெல்லாமா பிரதர் கவலைப்படறீங்க? கொள்ளி வைங்க, பிண்டம் வைங்க, படையல் போட்டு விழுந்து கும்பிடுங்க. உள்ளுக்குள்ள இயேசப்பான்னு நினைச்சுக்கங்க, போதும். எந்த ரூட்ல போனாலும் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான். சொந்தக்காரங்களைப் பகைச்சுக்கிட்டு ஆசீர்வாதத்தைக் கெடுத்துக்காதீங்க."

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. நான் கூட ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது இவர் சொன்னார்: "எங்க நைனாகூட இப்டி பேச மாட்டாரு எப்சி. அவரு அவரோட சாமிய நம்பறாரு. இவரு எதையுமே நம்பல." எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே ஒன்று நினைத்து வெளியே ஒன்றைக் கும்பிட்டால் அது ஆண்டவரையும் ஏமாற்றுவது, சாகக் கிடக்கிற அப்பாவையும் ஏமாற்றுவது. அதற்குப் பெயர் அன்பு இல்லை, சோம்பேறித்தனம்.

புதன்கிழமை காலையில் நான் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். இவர் வேதப் புத்தகத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். ஷிஃப்டுக்குப் போகிற சட்டை, முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"சவுல் ராஜா செத்தப்போ யாபேஸ் ஊர்க்காரங்க உசுரைப் பணயம் வெச்சுப் போய் உடம்பை எடுத்தாந்து எரிச்சாங்க. எலும்பை மரியாதையா அடக்கம் பண்ணாங்க. தாவீது அவங்களைத் திட்டல, நல்லா இருங்கன்னு ஆசீர்வதிச்சு ஆளு அனுப்பறாரு. எத்தினி தபா படிச்சிருப்பேன், கண்ணுலயே படல."

"சரி, அதனால?"

"நெருப்பு வெக்கறதுல பாவம் இல்ல. எங்க நைனா உடம்பு அது. தோள் குடுப்பேன், கொள்ளி வெப்பேன். மொட்டை போடணும்னா போட்டுக்கறேன், மயிருதானே, வளந்துடும். பிண்டம் வெக்க மாட்டேன். நைனாவ சாமின்னு கும்புட மாட்டேன். இத ரெண்டையும் அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். அவரு ஒத்துக்குவாரு. உனுக்கே தெரியும்ல, அவரு ஒத்துக்குவாரு."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அழுதுவிட்டேன். இரண்டு ஊழியர்களும் காட்டாத வழியை என் புருஷன் தானாகவே தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அப்படிப்பட்ட மகனை அந்த அப்பா கட்டிக்கொள்வார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"உப்புமா கெடக்கட்டும். இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றேன்.

"பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். அவருக்குத் தெரியாம செஞ்சா திருட்டுத்தனம் மாதிரி இருக்கும்."

போனார். பாஸ்டர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட இவர் உதறிவிட்டு வந்திருப்பார். அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாரக்கடைசி வரை உபவாசம் இருந்து ஜெபிப்போம், அதுவரை அப்பாவுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டிருக்கிறார். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து நின்றார்.

நான் கத்தினேன். "ஆண்டவர் கொடுத்த பதிலுக்குப் பாஸ்டர் ஸ்டாம்ப் அடிக்கணுமா? உங்கப்பா உங்களைக் கேட்டாரா, சபையைக் கேட்டாரா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே எப்சி. நேத்து போன்ல நல்லாத்தானே பேசினாரு" என்றார். எதிர்த்துப் பேசாமல் வேலைக்குப் போய்விட்டார். பட்டினி வயிற்றோடு லேத்தில் நின்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா போய்விட்டார்.

நாங்கள் போனபோது தெருவில் ஷாமியானா போட்டு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாமா. விபூதி போட்டிருந்தார்கள். இவர் வாசலில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சித்தப்பா வீராசாமியிடம் திரும்பினார்.

"சித்தப்பா, நான்தான் கொள்ளி வெப்பேன். பிண்டம் மட்டும் வெக்க மாட்டேன். நைனாவ நான்தான் தூக்குவேன். யாரு இன்னா சொன்னாலும் சரி."

அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன். அவர் சொல்லி முடித்ததும் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அத்தைதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கொள்ளி இல்லடா."

"இன்னாம்மா?"

"கொள்ளியே இல்ல. ஒடம்ப டாக்டருக்குப் படிக்கற காலேஜுக்கு எழுதிக் குடுத்துட்டாரு. எதுத்த ஊட்டு விக்ரம் அங்கதானே வேலை செய்றான், அவனக் கூப்ட்டு உட்டாரு. வேன் வந்துகினு கீது."

இவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "எப்போம்மா? எதுக்கு?" என்று கேட்டார்.

அத்தை அழாமல்தான் சொன்னார்கள். "நீங்க வந்துட்டுப் போனீங்களே, அன்னிக்கு சாயங்காலம். 'புள்ள ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னான் பூங்காவனம். மாட்டேன்னு அர்த்தம். பாவம், அவனால வாயத் தொறந்து சொல்ல முடியல, மூஞ்சியப் பாத்தியா'ன்னாரு. ராவெல்லாம் அதயே சொல்லிகினு இருந்தாரு. அப்பால, 'நெருப்பே இல்லாமப் பண்ணிட்டா எவனும் அவனக் கேக்க முடியாது. ஊர்க்காரனும் கேக்க மாட்டான், சர்ச்சுக்காரனும் கேக்க மாட்டான். எம்புள்ள ரெண்டு பேரு நடுவுல மாட்டிகினு முழிக்கக் கூடாது'ன்னாரு. மறுநாளே விக்ரமக் கூப்ட்டாரு."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் மாட்டேன்னு சொல்லலம்மா. ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னுதான் சொன்னேன். நெசமா பண்ணேம்மா. ஆண்டவரு வெக்கச் சொல்லிட்டாரும்மா. நான் ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு…"

"எத்தினி கல்யாணத்துக்கு ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொன்ன? ஒண்ணுத்துக்காவது வந்தியா?" அத்தை குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்கள். "நாங்க அப்டித்தானே நெனப்போம்?"

சித்தப்பா வந்து இவர் தோளைத் தொட்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல கோகுலு. புள்ள நீ வேணாம்னா வேன்காரன் எடுக்க மாட்டான். அண்ணனுக்கு உங்கையால நெருப்பு வேணும்னுதான் ஆசை. எங்கிட்டயே சொல்லிகினு இருந்தாரு."

இவர் அத்தையைப் பார்த்தார். நானும் அத்தையைத்தான் பார்த்தேன்.

"ஆசைதான்" என்றார்கள் அத்தை. "ஆனா வாக்கு குடுத்துட்டாரே. என்னாண்டயும் சத்தியம் வாங்கிகினாரு. உங்க நைனா ஒரு வார்த்த சொன்னா மாத்துவாரா? உனுக்குத் தெரியாதா?"

இவருக்குத் தெரியும். மாமா சரி என்றால் சரி, முடியாது என்றால் முடியாது. எங்கள் ஆண்டவர் அப்படித்தான் பேசச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படிப் பேசினவர் விபூதி பூசின மாமா ஒருவர்தான். அவர் கொடுத்த வாக்கை இவர் தன் ஆறுதலுக்காக எப்படி உடைப்பார்? தரையிலிருந்து எழுந்து, "வேன் வரட்டும்" என்றார்.

வேன் வந்தது. கூட வந்த இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். இவர் அவர்களை விலக்கிவிட்டு மாமாவைத் தலைமாட்டில் பிடித்தார். சித்தப்பா காலைப் பிடித்தார். தோள் கொடுக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டார். கிடைத்தது வாசலிலிருந்து தெரு வரை. பறை இல்லை, பூ இறைப்பு இல்லை, கொள்ளிச் சட்டி இல்லை. "மெதுவா, மெதுவா, இடிச்சிடப் போறீங்க" என்று உயிரோடு இருப்பவரைத் தூக்குவது போலவே சொல்லிக்கொண்டு போனார். வேன் கதவைச் சாத்தினதும் கண்ணாடியில் கையை வைத்து, "வெக்கிறேன் நைனா" என்றார். "வெக்கிறேன் நைனா, வெக்கிறேன்." வேன் நகர்ந்த பிறகும் கை அந்தரத்தில் நின்றது. நான் போய்ப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

தெருமுனையில், டீக்கடைக்குப் பக்கத்தில், பாஸ்டர் ஏனோக் குடையோடு நின்றுகொண்டிருந்தார். வேன் அவரைத் தாண்டிப் போனது. பிறகு எங்களிடம் வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"கர்த்தர் எவ்வளவு அழகா வழி திறந்துட்டார் பாத்தீங்களா பிரதர்! அந்த நெருப்பைத் தொடாமலே காத்துட்டார். நம்ம உபவாச ஜெபத்துக்குப் பதில் இது."

அவரைக் கன்னத்தில் அறைந்துவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. இவர் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

"இது ஜெபத்துக்குப் பதில் இல்ல பாஸ்டர். பதில் புதன்கிழமையே வந்துடுச்சு. அதக் கேட்டவருகிட்டப் போய்ச் சொல்லாம உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்களும் அன்னிக்கு உங்கம்மாவத் திரும்பிப் பாத்திருக்கலாம் பாஸ்டர். ஆண்டவரு கோச்சிகினு இருக்க மாட்டாரு" என்றார்.

பாஸ்டர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். வேன் போன பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்கேயே நின்றார்.

மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. எரிக்கப் போகாத சாவு வீட்டில் எப்போது குளிப்பது, எப்போது சாப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்தார்கள். அவ்வளவு நேரமும் அழாதவர்கள் இவர் தலையைத் தடவினார்கள்.

"பதினாறாம் நாளு உங்க சித்தப்பா படையல் போடணும்ங்கறாரு. போடட்டும். உனுக்கும் ஏபிசிக்கும் படைக்கறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெக்கறேன். உங்க நைனா சொல்லிட்டுத்தான் போனாரு. ஜெபம் பண்ணிட்டுச் சொல்லு."

"வரேம்மா" என்றார் இவர். "வந்து சாப்புடறேன். நெசமா வரேம்மா."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்கள்.

"சரிடா. பண்ணிட்டே சொல்லு."